கணக்கை அவையில் வைத்த கோவைக்காரர்



போன பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வரவு செலவு வாசித்துக்கொண்டு வரும்போது பாதுகாப்புச் செலவில் வந்து நின்றுவிட்டோம். வாட்ச்மேன் சம்பளம், கேட்டில் புதிய கேமரா, பின்பக்கச் சுவருக்கு முள்கம்பி என்று எல்லாம் சேர்த்தால் நம் செலவில் பெரிய பங்கு அதுதான். விவரம் வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். பாதுகாப்பு விஷயத்தையெல்லாம் நோட்டீஸ் போர்டில் ஒட்ட முடியுமா என்று பதில் வந்தது. இரண்டு பக்கமும் கொஞ்சம் குரல் உயர்ந்தது. அதற்குள் டீயும் போண்டாவும் வந்துவிட்டதால் அடுத்த அயிட்டத்துக்குப் போய்விட்டோம்.

பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகவே இருந்து ஓய்வு பெற்றவன் நான். கணக்குப் பேச்சு பாதியில் நின்றால் எனக்குத் தூக்கம் வராது. அன்று ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தவர் நம்ம கோயமுத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர் யார் என்று குழந்தைகளுக்குப் பொது அறிவுக் கேள்வி வரும்; பதிலாக அவர் பெயரை மனப்பாடம் செய்வார்கள். அதற்கு மேல் பெரும்பாலோருக்குத் தெரியாது. நாட்டின் பாதுகாப்புச் செலவை மக்கள் சபை முன்னால் எப்படி வைப்பது, வைத்த பிறகு அதற்கு எப்படிப் பொறுப்பேற்பது என்ற இரண்டும் அவர் வாழ்க்கையில் இருக்கின்றன. அதனால்தான் இந்த இதழில் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

கோவையில் தொடக்கம்

1892 அக்டோபர் 17-ல் கோவையில் பிறந்தார். தந்தை பெயர் கந்தசாமி செட்டியார். வியாபாரமும் மில் தொழிலும் தெரிந்த குடும்பம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் பிறகு சட்டக் கல்லூரியிலும் படித்தார். வக்கீலுக்குப் படித்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞருக்கு அந்தக் காலத்தில் பொது வாழ்க்கைக்கு வாசல் நகராட்சிதான். 1917-ல் கோவை நகராட்சியின் துணைத் தலைவர் ஆனார். அப்போது வயது 25 தான்.

தண்ணீர்க் குழாய், சாக்கடை, தெருவிளக்கு, வரி பாக்கி. நகராட்சியில் இருந்தவர்கள் இதில்தான் அரசாங்கம் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டார்கள். நம் சங்கத்தில் செயலாளராக இருந்தவர்களுக்கு அது புரியும்.

1920-ல் சென்னை சட்ட மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு சுயராஜ்யக் கட்சி வழியாக டில்லியில் மத்திய சட்டசபைக்குப் போனார். அங்கேதான் அவருடைய உண்மையான படிப்பு தொடங்கியது என்று நான் நினைக்கிறேன்.

ஓட்டுக்குக் கட்டுப்படாத செலவு

அந்தச் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1919-ம் வருஷச் சட்டப்படி அமைந்த சபை அது. உறுப்பினர்கள் பேசலாம், கேள்வி கேட்கலாம், சில செலவுகளுக்கு ஓட்டுப் போடலாம். ஆனால் ராணுவச் செலவு ஓட்டுக்கு அப்பாற்பட்டது. மொத்த வருமானத்தில் பெரும் பகுதியை விழுங்கிய செலவு அதுதான். அதில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்கச் சபைக்கு அதிகாரம் கிடையாது. வைஸ்ராய் அனுமதித்தால் பேசலாம், அவ்வளவுதான்.

சபை எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் பெரிய பலன் இல்லை. 1924 மார்ச்சில் சுயராஜ்யக் கட்சியும் மற்றவர்களும் சேர்ந்து நிதி மசோதாவையே தள்ளிவிட்டார்கள். வைஸ்ராய் ரெடிங் பிரபு தன் தனி அதிகாரத்தால் அதற்குச் சான்று கொடுத்து நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார். நாம் பொதுக்குழுவில் ஒரு செலவு வேண்டாம் என்று கை தூக்கி முடிவு செய்த பிறகு, பில்டர் வந்து அந்தப் பணத்தை எடுத்துச் செலவு செய்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இந்தச் சபையில் செட்டியார் படிப்படியாக மேலே வந்தார். 1931-ல் துணைத் தலைவர். 1933-ல் சபையின் தலைவர், அதாவது இன்றைய சபாநாயகர் மாதிரி. சர் பட்டமும் அதே வருஷம் வந்தது. இடையில் ஜெனீவாவில் நடந்த சர்வதேசத் தொழிலாளர் மாநாடுகளுக்குப் போனார். 1932-ல் கனடாவின் ஒட்டாவா நகரில் பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகளின் வர்த்தக மாநாட்டுக்கும் இந்தியப் பிரதிநிதியாகப் போனார்.

ஒட்டாவாதான் அவருக்கு வினையாக வந்தது. சாம்ராஜ்ய நாடுகள் ஒன்றுக்கொன்று வரிச் சலுகை தரும் அந்த ஒப்பந்தம் இங்கிலாந்துக்கே லாபம் என்று காங்கிரசாரும் வியாபாரிகள் பலரும் கோபப்பட்டார்கள். 1934 தேர்தலில் காங்கிரசின் சாமி வெங்கடாசலம் செட்டியாரிடம் தோற்றுப்போனார். சபைக்கே தலைவராக உட்கார்ந்திருந்தவர் அடுத்த சபைக்குள் உறுப்பினராகக்கூட நுழைய முடியவில்லை. அன்று ஓட்டுரிமை சொத்தும் படிப்பும் உள்ள சிலருக்குத்தான். ஆனாலும் அந்தச் சிலரும் கணக்குக் கேட்டார்கள், தீர்ப்பும் சொன்னார்கள்.

கொச்சியில் ஆறு வருஷம்

1935-ல் கொச்சி சமஸ்தானத்தின் திவானாகப் போனார். 1941 வரை அங்கே இருந்தார். எர்ணாகுளம் போனவர்கள் மரைன் டிரைவ் பக்கம் சண்முகம் ரோட்டில் நடந்திருப்பீர்கள். அது இவர் பெயர்தான்.

கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தி வெல்லிங்டன் தீவை உருவாக்கிய என்ஜினீயர் ராபர்ட் பிரிஸ்டோ. அந்தத் துறைமுகம் பெரிய துறைமுகமாக வளர்ந்த காலம் செட்டியாரின் திவான் காலம். நீலகிரித் தேயிலை கப்பல் ஏறுகிற வழி அதுதான் என்பதால் மலையடிவாரத்தில் இருக்கிற நமக்கும் அதில் தொடர்பு உண்டு.

துறைமுகத்தைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. 1938-ல் கொச்சியில் ஒரு புதிய அரசியல் சட்டம் வந்தது. அதன்படி சில துறைகள் சட்டசபைக்குப் பதில் சொல்லும் அமைச்சர் கைக்குப் போயின. அம்பாட்டு சிவராம மேனன் முதல் அமைச்சரானார். சமஸ்தானம் என்றால் ராஜா வைத்ததே சட்டம் என்றிருந்த காலத்தில் இது புதுமை. எல்லாத் துறையும் போகவில்லை, பாதி அதிகாரம் திவானிடமே இருந்தது. ஆனாலும் அதிகாரத்தில் இருக்கிறவர் ஒருவர், தான் இருக்கும்போதே அதில் ஒரு பங்கைப் பிரித்து, கேள்வி கேட்கிற சபைக்குக் கட்டுப்பட்ட ஆளிடம் தருவது லேசான காரியமில்லை.

அமெரிக்காவில் பார்த்தது

இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1941-42-ல், இந்திய அரசின் கொள்முதல் குழுத் தலைவராக அமெரிக்கா போனார். போருக்கு வேண்டிய சாமான்களை வாங்கி அனுப்பும் வேலை. 1944 ஜூலையில் மறுபடியும் போனார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிரெட்டன் வுட்ஸ் என்ற மலை வாசஸ்தலத்தில் 44 நாடுகள் கூடிய மாநாடு அது. இன்றைய ஐ.எம்.எப்., உலக வங்கி இரண்டும் அங்கேதான் பிறந்தன. இந்தியக் குழுவில் ஜெரமி ரெய்ஸ்மன், தியோடர் கிரிகரி, ரிசர்வ் வங்கி கவர்னர் சி.டி. தேஷ்முக், ஏ.டி. ஷ்ராஃப் ஆகியோரோடு நம்ம செட்டியாரும் இருந்தார்.

அங்கே இந்தியாவுக்கு ஒரு பெரிய கவலை. போருக்காக இங்கிலாந்து இந்தியாவிடம் சாமானும் சேவையும் வாங்கிவிட்டு, பணம் கொடுக்காமல் லண்டன் கணக்கில் கடனாக எழுதி வைத்திருந்தது. போர் முடிந்த சமயம் அது சுமார் 1,700 கோடி ரூபாய். இங்கே வங்காளப் பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருக்க, புத்தகத்தில் மட்டும் நாம் பெரிய கடன்காரனுக்குக் கடன் கொடுத்தவர்கள். இந்தப் பாக்கியைத் தீர்க்க மாநாடு வழி செய்ய வேண்டும் என்று இந்தியக் குழு கேட்டது. அது உங்களுக்கும் இங்கிலாந்துக்கும் உள்ள விஷயம் என்று மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள்.

அமெரிக்கா என்றதும் ஒரு விஷயம். நம் குடியிருப்பில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். 2018 டிசம்பரிலிருந்து 2019 ஜனவரி வரை 35 நாள் அங்கே அரசாங்க அலுவலகங்களில் ஒரு பகுதி மூடிக்கிடந்தது ஞாபகம் இருக்கலாம். உலகத்திலேயே பணக்கார நாட்டில் ஏன் சம்பளம் போடவில்லை என்று அப்போது என்னிடம் சிலர் கேட்டார்கள்.

காரணம் அவர்களுடைய அரசியல் சட்டத்தில் இருக்கிறது. 1787-ல் எழுதினார்கள். சட்டம் போட்டு ஒதுக்காமல் கஜானாவிலிருந்து ஒரு டாலரும் எடுக்கக் கூடாது. அதிலும் ராணுவத்துக்கு ஒரு தடவையில் இரண்டு வருஷத்துக்கு மேல் பணம் ஒதுக்கக் கூடாது. ராஜாவின் பட்டாளத்தோடு சண்டை போட்டு விடுதலை வாங்கியவர்கள் அவர்கள். பட்டாளம் தேவைதான், ஆனால் அதன் சாவி மக்கள் பிரதிநிதிகள் கையில் இருக்க வேண்டும், அடிக்கடி வந்து கேட்க வேண்டும் என்று வைத்தார்கள். அந்தச் சாவிக்காக ஜனாதிபதியும் காங்கிரஸ் சபையும் மோதிக்கொண்டால் அலுவலகம் மூடுகிறது. ஜனாதிபதி மட்டும் பதவியில் இருப்பார்.

நம் முறை வேறு. அங்கே நிதி அமைச்சர் சபையின் உறுப்பினராக இருக்கக் கூடாது. இங்கே உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும். சபையில் நின்று, எதிரில் இருப்பவர்கள் முகத்தைப் பார்த்துக் கணக்குச் சொல்ல வேண்டும். பண மசோதாவில் தோற்றால் அரசாங்கமே போய்விடும். இரண்டு வழியும் ஒரே நோக்கத்துக்குத்தான். நம் வழியில் அமைச்சர் தானே வந்து நிற்கிறார். அப்படி வந்து நின்ற முதல் ஆள் செட்டியார்.

1947 நவம்பர் 26

சுதந்திரம் வந்தபோது நேருவின் மந்திரிசபையில் காங்கிரசைச் சேராதவர்களும் இருந்தார்கள். அம்பேத்கர், சியாமா பிரசாத் முகர்ஜி, நம்ம செட்டியார். காங்கிரசை எதிர்த்துத் தேர்தலில் நின்று தோற்றவருக்கு நிதி இலாகா! பலருக்கு ஆச்சரியம், சிலருக்குக் கோபம். நாட்டுக்குக் கணக்குத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது.

எப்படிப்பட்ட நேரம் என்று யோசியுங்கள். பஞ்சாபும் வங்காளமும் இரண்டாகி, லட்சக்கணக்கான அகதிகள் டில்லிக்கு வந்துகொண்டிருந்தார்கள். ராணுவத்தையே இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் கடைசியில் காஷ்மீரில் சண்டை தொடங்கிவிட்டது. உணவுப் பற்றாக்குறை வேறு. ரிசர்வ் வங்கிகூட 1948 ஜூன் 30 வரை இரண்டு நாட்டுக்கும் பொதுவான வங்கி.

இந்த நிலைமையில் 1947 நவம்பர் 26 சாயங்காலம் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை அவர் சமர்ப்பித்தார். ஆகஸ்ட் 15 முதல் மறு வருஷம் மார்ச் 31 வரை ஏழரை மாதத்துக்கான பட்ஜெட். வருவாய் 171.15 கோடி ரூபாய். செலவு 197.39 கோடி. பற்றாக்குறை 26.24 கோடி. செலவில் பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி.

நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு கிட்டத்தட்ட 47 ரூபாய்.

சண்டை நடந்துகொண்டிருக்கிறது. எதிரி நாட்டுக்கு நம் விவரம் தெரிந்துவிடும், இதையெல்லாம் எப்படிப் பகிரங்கமாகச் சொல்வது என்று தட்டிக்கழிக்க அந்த மாதத்தைவிட நல்ல சாக்கு கிடைக்காது. செய்யவில்லை. எந்தப் பட்டாளம் எங்கே நிற்கிறது என்று அந்தக் கணக்கு சொல்லாது, சொல்லவும் வேண்டியதில்லை. எவ்வளவு பணம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அதைச் சபை முன் வைத்தார்.

அது எந்தச் சபை? பழைய மத்திய சட்டசபை கூடிய அதே கட்டடம், அதே மண்டபம். ராணுவச் செலவில் ஒரு ரூபாயைக்கூடத் தொட முடியாத சபைக்கு அங்கே அவர் தலைவராக உட்கார்ந்திருந்தார். பதிமூன்று வருஷம் கழித்து, சபாநாயகர் மாவ்லங்கர் உட்கார்ந்திருக்க, அமைச்சராகக் கீழே நின்று அதே ராணுவச் செலவுக்கு அந்த மண்டபத்தில் ஒப்புதல் கேட்டார். நாற்காலியிலிருந்து கீழே வந்துவிட்டாரே என்று அவரை அறியாதவர்கள் நினைத்திருக்கலாம். சுதந்திரம் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த பட்ஜெட்டில் அவர் போட்ட வரி, ஏற்றுமதியாகும் பருத்தித் துணிக்கும் நூலுக்கும். நூல் மில் ஊர்க்காரர், மில் குடும்பத்துக்காரர், நூலுக்கே வரி போட்டார்.

பிறகு 1950-ல் வந்த நம் அரசியல் சட்டம் இதை நிலையாக்கியது. சட்டத்தின் வழியாக அல்லாமல் அரசின் தொகுப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க முடியாது. நீதிபதிகள் சம்பளம், அரசுக் கடன் வட்டி போன்ற சில செலவுகள் மட்டும் ஓட்டுக்கு விடப்படுவதில்லை. அந்தப் பட்டியலில் ராணுவம் இல்லை. ராணுவச் செலவுக்கு மக்களவை வருஷா வருஷம் ஓட்டுப் போடுகிறது. தணிக்கை அதிகாரி அதையும் பார்க்கிறார்.

55 கோடி ரூபாய்

பிரிவினைக் கணக்கில் கையிருப்பு ரொக்கம் 400 கோடிக்குக் கொஞ்சம் கீழே. அதில் பாகிஸ்தானின் பங்கு 75 கோடி என்று முடிவானது. முதலிலேயே 20 கோடி கொடுத்தாகிவிட்டது. மீதி 55 கோடி. காஷ்மீரில் சண்டை நடக்கும்போது இந்தப் பணத்தைக் கொடுத்தால் அது துப்பாக்கியாகத் திரும்பி வரும் என்று மந்திரிசபை நிறுத்தி வைத்தது. 1948 ஜனவரி 12-ல் படேலும் செட்டியாரும் பத்திரிகைக்காரர்களிடம் அந்த முடிவை விளக்கினார்கள்.

மறுநாள் காந்தியடிகள் டில்லியில் மத ஒற்றுமைக்காக உண்ணாவிரதம் தொடங்கினார். ஒப்புக்கொண்ட பணத்தைக் கொடுக்காமல் இருப்பது சரியல்ல என்பது அவர் கருத்து. 15-ந் தேதி அரசு முடிவை மாற்றிப் பணத்தைக் கொடுக்கச் சம்மதித்தது. நிதி அமைச்சர் மூன்று நாளில் தன் வாதத்தைத் தானே விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த மாதக் கடைசியில் காந்தி சுட்டுக்கொல்லப்பட்டார்.

யார் சொன்னது சரி என்று இன்றுவரை சண்டை போடுகிறவர்கள் உண்டு. வங்கிக்காரனாக எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. கணக்கில் ஒருவருக்கு வரவு வைத்துவிட்டால் அது அவர் பணம். அதே சமயம் நம் வீட்டுக்குக் கல்லெறிகிறவருக்குக் காசு எண்ணிக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? இதில் நான் பார்ப்பது, நிறுத்தியதையும் கொடுத்ததையும் ஊரறியச் சொன்னார்கள் என்பதை. ரகசியமாக நிறுத்தவும் இல்லை, ரகசியமாகக் கொடுக்கவும் இல்லை.

லண்டனிலிருந்து திரும்பியதும்

1948 கோடையில் செட்டியார் லண்டன் போனார். பிரெட்டன் வுட்ஸில் தட்டிக்கழிக்கப்பட்ட அதே பழைய பாக்கிக்காக. ஜூலையில் உடன்பாடு ஏற்பட்டது. இங்கிலாந்து இங்கே விட்டுப்போன ராணுவத் தளவாடங்களுக்கு 10 கோடி பவுண்டு கழித்துக்கொள்வது, பிரிட்டிஷ் அதிகாரிகளின் பென்ஷனுக்கு ஒரு தொகை ஒதுக்குவது, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிப்பது. முழுத் திருப்தி இல்லை, ஆனாலும் வசூல் ஆரம்பித்தது.

ஊர் திரும்பிய சில வாரத்தில் அவர் பதவியே போனது.

போர்க் காலத்தில் கொள்ளை லாபம் அடித்து வரி ஏய்த்தவர்களை விசாரிக்க 1947-ல் ஒரு சட்டம் போட்டு விசாரணைக் கமிஷன் அமைத்திருந்தார்கள். நீதிபதி வரதாச்சாரியார் அதன் தலைவர். சந்தேகப்பட்டவர்களின் பெயர்களை நிதி அமைச்சகம் கமிஷனுக்கு அனுப்பியது. அனுப்பிய பிறகு சில பெயர்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதில் கோவை மில்காரர்கள் பெயர் இருந்தது என்று பேச்சு கிளம்பியது. கோவைக்காரர் நிதி அமைச்சர், கோவை மில் பெயர் நீக்கம். சபையில் கொந்தளிப்பு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கோப்பு அவர் அமைச்சகத்தில் நடந்தது. பொறுப்பை ஏற்றுக்கொண்டு 1948 ஆகஸ்டில் ராஜினாமா செய்தார். பதவியேற்று ஒரே வருஷம். அவருக்குப் பின் ஜான் மத்தாய் வந்தார். அதற்கும் பின், பிரெட்டன் வுட்ஸ் தோழர் தேஷ்முக் வந்தார்.

அந்தக் கமிஷன் சட்டத்தின் கதை இன்னும் கொஞ்சம் உண்டு. ஒரே மாதிரி வரி ஏய்த்தவர்களில் சிலரை மட்டும் தனி முறையில் கடுமையாக விசாரிப்பது சமத்துவ உரிமைக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1954-லும் 1955-லும் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. யார் பெயரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பது ஓர் ஆபீசின் இஷ்டத்தில் இருந்தால் என்ன ஆபத்து என்று செட்டியார் விஷயத்தில் முன்பே தெரிந்துவிட்டது.

பிற்காலத்தில் 1956-ல் அரியலூர் ரயில் விபத்துக்காக லால் பகதூர் சாஸ்திரி விலகினார். 1958-ல் முந்த்ரா விவகாரத்தில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி விலகினார். அவர்களை ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது. அவர்களுக்கெல்லாம் முன்பே விலகிய நம்ம ஊர்க்காரரை நாமே மறந்துவிட்டோம்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. எனக்கு அப்போது 28 வயது இருக்கும். மலையடிவாரத்தில் ஒரு கிளையில் வேலை. மார்ச் மாதக் கூட்டத்தில் ஒரு வவுச்சரைச் சரியாகப் பார்க்காமல் மேலே அனுப்பிவிட்டேன். மேலாளரும் நம்பிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டார். தணிக்கையில் பிடிபட்டது. விளக்கக் கடிதத்தில் அவர் என் பெயரையே எழுதவில்லை. தன் கையெழுத்து இருக்கிறது, தானே பொறுப்பு என்று எழுதினார். அந்த வருஷம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. நான் போய் அழுதேன். இனிமேல் பார்த்துப் போடு தம்பி என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு வேலையில் இருந்தவரை ஒரு வவுச்சரையும் நான் பார்க்காமல் அனுப்பியதில்லை. தண்டனை கொடுத்திருந்தால் இவ்வளவு கற்றிருப்பேனா தெரியாது.

கடைசிக் காலம்

செட்டியாருக்குத் தமிழில் பெரிய ஈடுபாடு. கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்ற தமிழிசை இயக்கத்துக்குப் பெரும் துணையாக இருந்தார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதினார். பதவி போன பிறகு 1951-52-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1953 மே 5-ந் தேதி காலமானார். வயது 60 தான்.

அவர் உரை எழுதியது புகார்க் காண்டத்துக்கு. ஆனால் சிலப்பதிகாரத்தில் ஊர் மறக்காதது மதுரைக் காண்டம். பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு, விசாரிக்காமல் உத்தரவு போட்டுவிட்டான் பாண்டியன். கண்ணகி வந்து சிலம்பை உடைத்துக் காட்டியதும் அவன் பொற்கொல்லனைக் கைகாட்டவில்லை. தப்பு தன்னுடையது என்று உணர்ந்து அரியணையிலேயே உயிரை விட்டான். அந்தக் காப்பியத்தோடு பழகிய மனிதருக்கு ராஜினாமாக் கடிதம் எழுதுவது கஷ்டமாக இருந்திருக்காது என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

நமக்கு என்ன

மறுபடி நம் பொதுக்குழுவுக்கு வருகிறேன். பாதுகாப்பு விஷயத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்ட முடியுமா என்று கேட்டவர் சொன்னதில் பாதி சரி. எந்தக் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது, வாட்ச்மேன் எத்தனை மணிக்கு ஷிப்ட் மாறுகிறார் என்பதை வெளியே ஒட்ட வேண்டியதில்லை. ஆனால் எவ்வளவு செலவு, எத்தனை பேரிடம் விலைப்புள்ளி வாங்கினோம், பில் எங்கே, யார் கையெழுத்து என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. காஷ்மீரில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தபோது 92.74 கோடியைச் சபை முன் வைக்க முடிந்தது என்றால், நம் முள்கம்பிக்கான பில்லை மாடிப்படி பக்கத்தில் ஒட்ட முடியாதா?

நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் என்மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம். சம்பளமில்லாமல் ராத்திரி பகலாக உழைக்கிறார்கள். மோட்டார் ரிப்பேர் ஆனால் முதலில் ஓடுவது அவர்கள்தான். கணக்குக் கேட்பது அவர்களைத் திருடன் என்று சொல்வதாகாது. கேஷியர் தினமும் சாயங்காலம் ரொக்கத்தை எண்ணி அதிகாரியிடம் ஒப்படைப்பது அவர்மேல் சந்தேகத்தினால் அல்ல. அவரை நாளைக்குச் சந்தேகப்படாமல் இருப்பதற்காக.

கேட்கிற நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. டீ வந்ததும் எழுந்து போய்விட்டு, அப்புறம் வாட்ஸ்அப்பில் பேசுவதில் பிரயோஜனம் இல்லை. வருஷத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து கணக்கை முழுசாகக் கேட்க வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் பாதுகாப்புச் செலவை மட்டும் தனியாக, பில்லோடு வாசிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். சி பிளாக் தரைத்தளம், காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். காபியும் உண்டு.



- சி பிளாக் குடியிருப்பாளர், ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்